தேன்கனிக்கோட்டை வேலியோரம்: இளவேனிலில் வண்ணத்துப்பூச்சிகளைக் கண்டும் படமெடுத்தும் அறிதல்

முன்னுரை: பொருளும் எல்லையும்

வண்ணத்துப்பூச்சி பார்க்கப் போவதாக ஓசூரில் யாரிடமாவது சொன்னால், "பன்னேர்கட்டாவுக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை. நாட்டின் முதல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2006இல் அங்கேதான் திறக்கப்பட்டது. எல்லை தாண்டினால் எட்டிவிடும் தூரம். கூரையிட்ட கூடத்துக்குள் செடியும் ஈரமும் அளவாக வைத்திருப்பதால் எந்த மாதம் போனாலும் சிறகு தென்படும். பிள்ளைகளை அழைத்துப் போக நல்ல இடம். ஆனால் எந்தப் பூச்சி எந்த மாதத்தில் எந்தச் செடியை நம்பி வாழ்கிறது என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்காது.

அந்த விடையைத் தேன்கனிக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தின் வேலியிலும் ஏரிக்கரையிலும் மாந்தோப்பிலும் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கே வண்ணத்துப்பூச்சியை நிறுத்தி வைத்திருப்பது இலை. பூவுக்கு அதில் இரண்டாம் இடம்தான். அந்த இலைகளும் பெரும்பாலும் வருவாய்த்துறை தரிசு, புறம்போக்கு என்று எழுதி வைத்திருக்கும் நிலத்தில் முளைப்பவை. ஆகவே ஒரு நாள் கேமராவோடு கிளம்புகிறவர் முதலில் செடியைப் படிக்க வேண்டும் என்பதே இங்கே நிறுவ முயலும் கருத்து. காட்டின் உட்பகுதி இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. அதற்கான காரணம் எட்டாம் பகுதியில் உள்ளது.

1. நிலம்

தேன்கனிக்கோட்டை கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு மேட்டுநிலத்தில் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர். ஓசூரின் தொழிற்பேட்டைகளிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கெலமங்கலம், தளி, ஜவளகிரி, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் என்று நாலாபுறமும் ஊர்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே டீக்கடையில் கேட்கும்.

தெற்கே மேலகிரி மலைத்தொடர் காவிரியை நோக்கி இறங்குகிறது. வடக்கே பன்னேர்கட்டா காடு. காவிரிக்கு அக்கரையில் மாதேஸ்வரன் மலை, அதற்கு அப்பால் சத்தியமங்கலம். கிழக்குத் தொடர்ச்சி மலையும் மேற்குத் தொடர்ச்சி மலையும் நெருங்கி வரும் இடங்களில் இதுவும் ஒன்று. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. முன்னது ஏறக்குறைய 504 சதுர கிலோமீட்டர், பின்னது 686. காட்டில் பெரும்பகுதி இலையுதிர் காடும் முட்புதரும். ஆற்றோரத்தில் மருதமும் உயரத்தில் கொஞ்சம் பசுங்காடும் உண்டு.

இந்தக் காட்டை ஆங்கிலம் படித்தவர்களுக்கு அறிமுகம் செய்தவர் பெங்களூருவில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன். 1954இல் வந்த அவரது முதல் வேட்டை நூல் தொடங்கி ஜவளகிரியும் தேன்கனிக்கோட்டையும் அஞ்செட்டியும் அவர் எழுத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனாலோ என்னவோ, இன்றைக்கும் இந்தக் காட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் புலி, சிறுத்தை, யானை என்றே போகும். ஆறு கால் உயிர்களுக்கு அந்தப் பேச்சில் இடம் கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டில் 320க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் பதிவாகியுள்ளன. நாடு முழுவதும் சேர்த்தால் 1,300ஐத் தாண்டும். இதில் மழைக்காடுகளுக்கே உரிய இனங்களைத் தேன்கனிக்கோட்டையில் தேடிப் பயனில்லை. 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் ஈரமான மலைக்காட்டுப் பூச்சி. வேலியோரத்துக்கு அது வராது. இந்த மேட்டுநிலத்தின் செல்வம் வேறு. வறண்ட நிலத்து வெள்ளையன்கள், எருக்கை நம்பிய வரியன்கள், பயறுவகைச் செடிகளை நம்பிய நீலன்கள் இங்கே நிறைய.

2. பருவம்: இரண்டு விதமான நாள்

குளிர்நாடுகளில் வசந்தம் என்றால் பனி விலகி உயிர்கள் விழித்தெழும் காலம். அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பிப்ரவரியில் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். நம் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். இந்தப் பகுதிக்கு மழை இரண்டு உச்சங்களில் பெய்கிறது: மே மாதத்துக் கோடை மழை ஒன்று, செப்டம்பர், அக்டோபரில் மற்றொன்று. யுகாதியை ஒட்டி மாங்காய்க்கு உதவும் இடிமழை ஒன்றிரண்டு விழும். அதிலிருந்துதான் வண்ணத்துப்பூச்சியின் இளவேனில் தொடங்குகிறது.

மழை விழுந்த சில நாளில் துளிர் வரும். துளிரில் பெண் பூச்சிகள் முட்டை வைக்கும். முட்டை பொரிக்க மூன்று, நான்கு நாள். புழு இலை தின்று வளர இரண்டு வாரம் அல்லது சற்றுக் கூடுதல். கூட்டுப்புழுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள். ஆக, இங்குள்ள சாதாரண இனங்களுக்கு முட்டையிலிருந்து சிறகு வரை ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எனவே இளவேனிலில் இரண்டு விதமான நாட்கள் உண்டு. முதல் மழைக்கு அடுத்த வாரம் போனால் அது முட்டை நாள். சிறகு முளைத்த பெரியவை குறைவாக இருக்கும், ஆனால் இருக்கும் பெண்கள் செடிசெடியாகத் தொட்டுப் பார்த்து முட்டை வைப்பதைக் காணலாம். நான்கைந்து வாரம் கழித்துப் போனால் அது சிறகு நாள். புதிதாக வெளிவந்த, செதில் உதிராத சிறகுகள் அப்போது கிடைக்கும். படத்துக்காக மட்டும் வருகிறவர்கள் இரண்டாவது நாளையே விரும்புவார்கள். எனக்கு முதல் நாள்தான் மேல். எந்தப் பூச்சிக்கு எந்தச் செடி என்பதை ஒரே காலையில் கற்றுத் தருவது அதுதான்.

மழைக்கு முந்தைய வறட்சியில் இவை எங்கே போகின்றன? சில இனங்கள் உருவத்தையே மாற்றிக்கொள்கின்றன. ராகித் தாள்களுக்கு இடையில் அந்தி நேரத்தில் தடுமாறிப் பறக்கும் ஈவினிங் பிரவுன் நல்ல எடுத்துக்காட்டு. அதன் புழு ராகி, நெல் உள்ளிட்ட புல்லினங்களைத் தின்பது. மழைக்காலத்தில் பிறப்பதற்குச் சிறகின் அடிப்புறத்தில் வரிசையாகக் கண்புள்ளிகள் இருக்கும். வறண்ட காலத்தில் பிறப்பதற்கு அந்தப் புள்ளிகள் மங்கி, சிறகு முழுதும் சருகு நிறம் ஏறிவிடும். ஓரமும் கிழிந்த இலைபோல் கோணலாகும். புழுப்பருவத்தின் கடைசியில் நிலவும் வெப்பநிலையே இந்த மாற்றத்துக்கு முக்கியத் தூண்டுதல். பங்குனியில் காலடியில் சருகு எழுந்து பறந்தால், அது எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்து வையுங்கள்.

3. இலைகள்

3.1 எருக்கு

பேருந்து நிறுத்தத்தின் பின்னாலேயே ஆய்வைத் தொடங்கிவிடலாம். எருக்கிலையின் அடிப்பக்கத்தில் வெந்தய வரியன் ஒன்றொன்றாக முட்டை வைக்கும். புழு வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வளையங்களோடு முதுகில் மூன்று ஜோடி கறுப்பு இழைகளை நீட்டிக்கொண்டிருக்கும். அது தின்னும் முறையைக் கைலென்ஸ் வைத்துக் கால்மணி நேரம் பார்க்கலாம். எருக்கம்பால் பிசுபிசுத்து வாயை ஒட்டிவிடும். அதனால் புழு முதலில் நரம்பைக் கடித்துப் பாலை ஒழுக விடுகிறது. வெள்ளைத் துளி வழிந்து நின்ற பிறகு, பால் வற்றிய பகுதியை மட்டும் தின்கிறது. சில நாள் வயதுள்ள ஓர் உயிர் செய்யும் வேலை இது.

அந்தப் பாலிலுள்ள நஞ்சு புழுவின் உடலில் சேர்ந்து, சிறகு முளைத்த பிறகும் தங்குகிறது. ஒருமுறை கொத்திய பறவை அடுத்த முறை அந்த வெந்தய நிறத்தை விட்டு விலகும். இந்தப் பாதுகாப்பில் இன்னொன்று ஒண்டிக்கொள்கிறது. பருப்புக்கீரையைத் தின்று வளரும் சிறு பசலைச் சிறகனின் பெண் அச்சு அசலாக வெந்தய வரியனின் உடுப்பில் வரும். பலர் இரண்டையும் ஒரே பெயரில் பதிவேற்றிவிடுகிறார்கள். பின்னிறகின் நடுவைப் பாருங்கள். அங்கே மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள் கொத்தாக இருந்தால் வெந்தய வரியன். நான்கிருந்தால், அதில் ஒன்று தடித்திருந்தால், ஆண். நடுப்பகுதி வெறுமையாக இருந்தால் சிறகனின் பெண்.

3.2 கறிவேப்பிலையும் ஆடுதின்னாப்பாளையும்

கறிவேப்பிலை கொல்லைப்புறத்தில் நிற்பது. ஆடுதின்னாப்பாளை பயிர் நிலத்து வரப்பில் படர்வது. இந்த இரண்டுக்கும் உள்ள உறவை ஒரு வண்ணத்துப்பூச்சி இல்லாமல் விளக்க முடியாது. ஆடுதின்னாப்பாளையையும் அதன் உறவான ஈஸ்வரமூலியையும் தின்று வளரும் கிரிம்சன் ரோஸ், காமன் ரோஸ் இரண்டும் நஞ்சுடையவை. செந்நிற உடல், வால் நீண்ட கரிய சிறகு, நிதானமான பறத்தல். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளரும் கறிவேப்பிலை அழகிக்கு நஞ்சில்லை. அதன் ஆண்கள் எல்லாம் கறுப்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. பெண்கள் மூன்று வடிவம்: ஒன்று ஆணைப்போல, ஒன்று காமன் ரோஸைப்போல, மற்றொன்று கிரிம்சன் ரோஸைப்போல. உடல் மட்டும் சிவக்காது. அதுதான் பிரித்தறியும் குறி.

ஒரே இனத்துப் பெண்களுக்கு இத்தனை உடுப்பு எப்படி வந்தது என்பது நீண்ட நாள் புதிர். பெங்களூரு என்.சி.பி.எஸ். நிறுவனத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் சகாக்களும் 2014இல் நேச்சர் இதழில் இதற்கு விடை சொன்னார்கள்: ஆண், பெண் வேறுபாட்டை நிர்ணயிக்கும் டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணுவே இந்த உடுப்பு மாற்றத்தையும் நடத்துகிறது. ரசத்துக்குக் கிள்ளும் செடியில் உலகத்தரமான மரபியல் பாடம் ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்தமுறை கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒன்று ஒட்டியிருந்தால் கழுவித் தள்ளாமல் கொஞ்சம் பொறுங்கள். அது அழகியின் இளம்புழுவாகவோ எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாகவோ இருக்கலாம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல் ஓர் உறுப்பை நீட்டி நாற்றம் வீசும்.

3.3 மா, புளி, புங்கு, அவரை

கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்தால் பேர் பெற்றது. மாவிலையின் நடுநரம்போடு நரம்பாகப் படுத்திருக்கும் காமன் பாரன் புழுவைக் கண்டுபிடிக்கிறவருக்குக் கூர்மையான கண் என்று சான்றிதழே தரலாம். பச்சை உடல், முதுகில் நெடுக ஒரு வெளிர் கோடு, இருபுறமும் இறகுபோல் பிரிந்த முட்கள். அந்த முட்களை இலைமேல் விரித்து நிழலே விழாமல் செய்துவிடும்.

மாமரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவி காமன் ஜெசபெலின் தாய்ச்செடி. தோப்புக்காரர் புல்லுருவியை வெட்டத்தான் செய்வார். காய்ப்பு அவர் பிழைப்பு. சாலையோர மரத்திலும் கோவில் மரத்திலும் இருப்பதே ஜெசபெலுக்குப் போதும். அதன் மேற்புறம் வெள்ளையும் கறுப்பும். மஞ்சளும் சிவப்பும் அடிப்புறத்தில். ஆகவே சிறகை மூடி உட்கார்ந்திருக்கும்போதுதான் படம்.

புளியமரத்து இலையில் பிளாக் ராஜா, புங்கந்துளிரில் காமன் பேண்டட் ஆல். பின்னது சில ஆண்டுகளில் புங்கைமரத்தையே மொட்டையடிக்கும் அளவுக்குப் பெருகும். மரம் மறுபடி துளிர்த்துவிடும். ராகியோடு ஊடுபயிராக நிற்கும் அவரை, துவரை மொட்டுகளில் பீ ப்ளூ முட்டை வைக்கும். விவசாயிக்கு அது காய்ப்புழுக்களில் ஒன்று. இதன் பின்னிறகு நுனியில் மெல்லிய வாலும் இரு கரும்பொட்டும் உண்டு. உட்கார்ந்ததும் பின்னிறகுகளை மேலும் கீழும் உரசி அசைக்கும். வாலைக் கொம்பென்றும் பொட்டைக் கண்ணென்றும் நினைத்துக் கொத்தும் பறவைக்கோ பல்லிக்கோ சிறகின் ஒரு துணுக்கு மட்டும் கிடைக்கும். பின்பகுதி கிழிந்த நீலனைக் கண்டால் அது தப்பிப் பிழைத்த ஒன்று. அழகாக இல்லை என்று விட்டுவிடாமல் படம் எடுங்கள்.

3.4 உயிர்வேலி

வறண்ட மேட்டுநிலத்தின் தனிச்சிறப்பு இங்கேதான். ஆதண்டை, விழுதி போன்ற புதர்கள் பின்னிய பழைய வேலிகளில் பயனியர், கிரேட் ஆரஞ்சு டிப், கிரிம்சன் டிப் ஆகிய வெள்ளையன்கள் வளர்கின்றன. சிறகு நுனியில் ஆரஞ்சோ சிவப்போ தீட்டிய இவை வெயில் ஏற ஏற வேகம் பிடிக்கும். வேலி நெடுகப் போய், முனையில் திரும்பி, அதே வழியே வருவது இவற்றின் வழக்கம். துரத்திப் பயனில்லை. வேலியின் ஒரு முனையில் உட்கார்ந்தால் தாமாக வரும். அதே வேலியடியில் நன்னாரிக் கொடி இருந்தால் வெண்புள்ளிக் கருப்பனும், ஓரிதழ்த்தாமரை இருந்தால் டானி காஸ்டரும், ஆவாரையும் தகரையும் இருந்தால் கொன்னை வெள்ளையனும் அதன் உறவினரும் கணக்கில் சேரும். காஞ்சொறி கண்டால் கைபடாமல் விலகுங்கள். ஆனால் அதன் இலையைப் பார்க்காமல் போகாதீர்கள். ஆமணக்கு தின்னும் சிறகனின் புழு அதிலும் இருக்கும்.

இருநூறு அடி நீளமுள்ள பழைய வேலி ஒன்றில் இத்தனை தாய்ச்செடிகள் அடங்கிவிடுகின்றன. கல்தூணும் கம்பியும் நட்டு, அடியில் களைக்கொல்லி தெளித்த வேலியில் ஒன்றுமில்லை.

3.5 ரோஜாக் கூடாரமும் உண்ணிச்செடியும்

காதலர் தினத்துக்குக் கப்பலேறாமல் விமானமேறும் ரோஜா இந்தப் பகுதியிலிருந்துதான் போகிறது. தளி, கெலமங்கலம், பாகலூர் சாலைகளில் பசுமைக்குடில்கள் வெள்ளைக் கடலாக விரிந்து கிடக்கின்றன. பூ வளரும் ஊரில் பூச்சி நிறைய இருக்கும் என்று நம்பி வருகிறவர்கள் உண்டு. ரோஜாவில் வண்ணத்துப்பூச்சிக்கு எடுத்துக்கொள்ளத் தேன் ஏறக்குறைய இல்லை. அடுக்கிதழ் ரகங்களில் உள்ளே நுழைய வழியுமில்லை. குடிலுக்குக் கூரை உண்டு, மருந்தும் அடிக்கப்படுகிறது. அதை விட, வாய்க்கால் ஓரத்தில் யாரும் நடாத வெட்டுக்காயப் பூண்டுதான் நீலன்களுக்கும் வசீகரன் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அன்றாடச் சாப்பாடு.

உண்ணிச்செடி பற்றிச் சொல்வது கடினம். வெளிநாட்டிலிருந்து அலங்காரத்துக்கு வந்து காட்டை விழுங்கிய செடி. மேலகிரியிலும் அப்படித்தான். அதன் பூவில் தேன் உண்டு, கறிவேப்பிலை அழகியும் ரோஸ்களும் மொய்க்கும், படம் எளிதாகக் கிடைக்கும். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இது வண்ணத்துப்பூச்சிக்கு நல்ல செடி என்று முடிவு கட்டுகிறார்கள். அது நெருங்கி வளர்ந்த இடத்தில் புல் இல்லை, நன்னாரி இல்லை, ஈஸ்வரமூலி இல்லை. பெரியவற்றுக்குச் சாப்பாடு போட்டுப் புழுவைப் பட்டினி போடும் செடி அது.

4. ஒரு நாளின் ஒழுங்கு

பறக்கும் தசைகள் ஏறத்தாழ 30 டிகிரியை எட்டினால்தான் பெரும்பாலான இனங்கள் நன்றாகப் பறக்கும். இந்த மேட்டுநிலத்தின் காலை நேரம் கோடையிலும் குளிர்ச்சியானது. அதனால் ஏழு மணிக்குப் பூச்சிகள் புல்நுனியில் உறைந்து நிற்கும். எட்டிலிருந்து பத்து வரை வெயில் காயும். மயில் வசீகரன், நீல வசீகரன், மஞ்சள் வசீகரன் மூன்றும் மண்பாதையில் சிறகை முழுதாக விரித்துக் கிடப்பது அப்போதுதான். பத்துக்கு மேல் தேனுக்கு அலையும். உச்சிவெயிலில் நிழலுக்கும் ஈரத்துக்கும் ஒதுங்கும். பிற்பகலில் ஆண்கள் சில பாறைக்குன்றுகளின் உச்சியைப் பிடித்துக் காவல் காக்கும். இப்பகுதியின் கருங்கல் குன்றுகள் இதற்கு ஏற்றவை. அந்தி விழுந்தபின் ஈவினிங் பிரவுன் ஒன்றே மிச்சம். மேகம் மறைத்தால் இந்த அட்டவணை முழுவதும் நின்றுபோகும். வெயில் வரும்வரை தேநீர் குடிக்கலாம்.

5. ஈரமண்ணும் காய்ந்த செடியும்

ஏரி வற்றி ஓரத்துச் சேறு மட்டும் மிஞ்சும் சித்திரையில், அந்தச் சேற்றில் கொன்னை வெள்ளையன்களும் காமன் ஜே போன்றவையும் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சும். கிட்டத்தட்ட எல்லாம் ஆண்கள். தேனிலும் இலையிலும் போதிய அளவில் இல்லாத சோடியத்தை மண்ணிலிருந்து எடுத்துச் சேர்த்து, இணையும்போது பெண்ணுக்குக் கொடுக்கின்றன. அது முட்டைக்குப் போகிறது. மாட்டுச் சிறுநீர் விழுந்த இடம், யானைச் சாணம், செத்த நண்டு எதுவானாலும் சரி. அழகான பூவில்தான் வண்ணத்துப்பூச்சி இருக்கும் என்று நம்பியவருக்கு முதல் அதிர்ச்சி இங்கே கிடைக்கும்.

இரண்டாவது அதிர்ச்சி காய்ந்த தேள்கொடுக்குச் செடியில். நீல வேங்கை வண்ணத்துப்பூச்சிகளும் வெண்புள்ளிக் கருப்பன்களும் வாடிய தண்டில் பத்திருபதாகத் தொங்கும். கிலுகிலுப்பையின் நெற்றையும் இலையையும் காலால் கீறிக் கசிவதை உறிஞ்சும். அதிலுள்ள ஆல்கலாய்டைக் கொண்டே ஆண்கள் பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்கின்றன. இந்த வேலையில் இறங்கிவிட்டால் அக்கம்பக்கம் பார்ப்பதில்லை. அரையடி தூரத்தில் கைபேசியை நீட்டினாலும் அசையாது.

6. படமெடுக்கும் முறை

கருவியைப் பற்றிச் சுருக்கமாக: 100 மில்லிமீட்டர் அளவிலான மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கைபேசி போதும். ஷட்டர் வேகம் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்குக் குறையாமல், துளை எஃப் 8 வாக்கில். சிறகின் தளமும் கேமராவின் தளமும் இணையாக இருந்தால் சிறகு முழுவதும் தெளிவாக விழும். பயிற்சி வேண்டியது இந்த ஒன்றுக்குத்தான்.

நெருங்கும் விதம் கருவியை விட முக்கியம். கூட்டுக்கண் அசைவை உடனே பிடிக்கும். நேராக நடந்து போகிறவரை அது பல அடிக்கு முன்பே கண்டுகொள்ளும். குனிந்து, மெதுவாக, முழங்காலால் நகர வேண்டும். உங்கள் நிழல் அதன்மேல் விழுந்தால் கதை முடிந்தது. பறந்து போனால் பின்னால் ஓடாதீர்கள். வசீகரன் போன்ற எல்லை காக்கும் இனங்கள் ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்குத் திரும்பும்.

பதிவுக்கு எத்தனை படம் தேவை என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மேற்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று, உட்கார்ந்திருக்கும் செடி முழுதும் தெரிய ஒன்று. நீலன்களை அடிப்புறக் கோடுகளாலும் புள்ளிகளாலும்தான் பிரிக்க முடியும். மேற்புறம் மட்டும் எடுத்த நீலனின் படம் பெரும்பாலும் பயன்படாது. இந்தியாவின் மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சியான கிராஸ் ஜுவல் நகத்தளவே இருக்கும். மண்ணில் படுத்தால்தான் அதன் பின்னிறகு ஓரத்தில் மினுங்கும் பொட்டுகள் தெரியும். செடிப்படத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பின்புலம் மங்கி, சிறகு மட்டும் ஜொலிக்கும் படம் போட்டிக்குப் போகலாம். அது எந்தச் செடியில் என்ன செய்துகொண்டிருந்தது என்று அந்தப் படம் சொல்லாது.

பெயர் கண்டுபிடிக்கத் தமிழில் ஆர். பானுமதி எழுதி க்ரியா வெளியிட்ட கையேடு கைப்பையில் இருக்க வேண்டிய நூல். ஆங்கிலத்தில் ஐசக் கெஹிம்கரின் 2008ஆம் ஆண்டு நூலும், குண்டே குழுவினர் நடத்தும் பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா தளமும் உண்டு. படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் தேதியும் இடமும் சேர்ந்து பதிவாகும். குளிர்பெட்டியில் வைத்து மயக்கிப் படமெடுக்கும் வித்தை ஒன்று உலவுகிறது. அதைச் செய்பவரைப் படமெடுப்பவர் என்று நான் கருதுவதில்லை.

7. கூட்டமாகப் போவோர்

இளவேனில் முடியும் தறுவாயில் சில நாட்கள், ஒரே திசையில், ஒரே உயரத்தில், நின்று தேன் குடிக்காமல் வேங்கைகளும் கருப்பன்களும் போய்க்கொண்டே இருப்பதைக் காணலாம். நீல வேங்கை, கருநீல வேங்கை, வெண்புள்ளிக் கருப்பன், அதன் நெருங்கிய உறவான மற்றொரு கருப்பன் ஆகியவையே முதன்மையானவை. தென்மேற்குப் பருவமழை கொட்டுவதற்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் வருகின்றன. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பரில் மறுபடி மேற்கே திரும்புகின்றன. குண்டே 2005இல் வெளியிட்ட கட்டுரை இந்தப் போக்குவரத்தை முறையாக எடுத்துரைத்தது. கோவையின் இயற்கை மற்றும் வண்ணத்துப்பூச்சிகள் சங்கத்தார் தமிழ்நாடு முழுவதும் இதைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள்.

இரு மலைத்தொடர்களும் நெருங்கும் தேன்கனிக்கோட்டையிலிருந்து இந்தப் பதிவுகள் கூடினால் வழித்தடம் தெளிவாகும். இதற்கு லென்ஸ் தேவையில்லை. ஒரு வெட்டவெளியில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் எத்தனை கடந்தன, எத்திசையில் என்று எழுதினால் போதும். பள்ளிப் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை.

8. யானை, தீ, சட்டம்

காட்டுக்குள் போகாததற்கு மூன்று காரணங்கள். ஆண்டுதோறும் ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் ஜவளகிரி, நொகனூர்க் காடுகளுக்கு வருகின்றன. பின்பனி முடிந்தபிறகும் சில தங்கிவிடும். தரையில் படுத்து நீலனைப் படமெடுப்பவருக்குப் பின்னால் யானை வருவது கேட்காது. இரண்டாவது, தீ. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின் விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தின் 40 வழித்தடங்களில் இப்பகுதியின் குத்திராயன் சிகரமும் அய்யூர்–சாமி ஏரி வழியும் உண்டு. ஆனால் தீ அபாயமுள்ள கோடைத் தொடக்கத்தில் இத்தகைய வழிகள் மூடப்படும். மூன்றாவது, சட்டம். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் வண்ணத்துப்பூச்சிகளும் இருக்கின்றன. அவற்றை வலைபோட்டுப் பிடிப்பது விளையாட்டல்ல.

இந்தத் தடைகளை நான் குறையாகப் பார்க்கவில்லை. மேலே மூன்றாம் பகுதியில் பட்டியலிட்ட செடிகளில் ஏறக்குறைய எல்லாமே காட்டுக்கு வெளியே, வேலியிலும் ஏரிக்கரையிலும் தோப்பிலும் உள்ளவை. அய்யூர், பெட்டமுகிலாளம் சாலைகளில் பகல் வெளிச்சத்தில், ஊர்க்காரர் யாரிடமாவது யானை நடமாட்டம் கேட்டுக்கொண்டு நடந்தாலே போதும்.

9. ஏரிக்கரைக்கு ஒரு கோரிக்கை

ஓசூரின் மனைப்பிரிவுகள் கெலமங்கலம் சாலையிலும் உத்தனப்பள்ளிச் சாலையிலும் நீண்டுவருகின்றன. ஆலைகள் வந்ததால் ஆட்கள் வருகிறார்கள், ஆட்கள் வந்தால் வீடு வேண்டும். அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நிலம் கைமாறியதும் முதலில் போவது உயிர்வேலி. அடுத்தது, ஊரக வேலைத் திட்டத்தில் ஏரிக்கரையைச் சீர்செய்யும்போது எருக்கும் ஆவாரையும் ஆடுதின்னாப்பாளையும் களை என்ற ஒரே பெயரில் வெட்டுப்படுகின்றன. பெரும்பாலும் இது கோடையில் நடக்கிறது. முட்டையும் புழுவும் இலையில் இருக்கும் அதே வாரங்கள்.

ஊராட்சித் தலைவர்களுக்கும் பணித்தளப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கரையின் மதகையும் நடைபாதையையும் கட்டாயம் துப்புரவு செய்யுங்கள். சரிவின் ஒரு பக்கத்தை மட்டும் ஓராண்டு விட்டுவையுங்கள், மறு ஆண்டு மறுபக்கத்தை. முழுதும் வெட்டியே ஆகவேண்டுமென்றால் தை, மாசியில் வெட்டுங்கள். உண்ணிச்செடியை எப்போது வேண்டுமானாலும் வேரோடு பிடுங்கலாம், அதற்கு யாரும் வருத்தப்பட வேண்டாம். புது மனை வாங்கியவர்கள் சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு முழம் இடத்தில் ஆதண்டையும் ஆவாரையும் வளர விட்டால் தண்ணீர்கூட ஊற்ற வேண்டியதில்லை.